பைத்தான் பேக்கேஜ்களில் டெஸ்ட் கவரேஜ்: சரியாக அளப்பதும் சிவப்பு வரிகளைப் படிப்பதும்

2014 பிப்ரவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என இணையப் பாதுகாப்பை ஆட்டிவைத்த இரண்டு பக்குகள் வெளிவந்தன. டெஸ்ட் கவரேஜ் என்பது டெஸ்ட்டுகள் ஓடும்போது கோடின் எந்த வரிகள் ஓடின என்ற கணக்கு; அறிக்கையில் ஓடிய வரி பச்சை, ஓடாத வரி சிவப்பு. அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதற்கு இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும்.

முதலாவது ஆப்பிளின் 'கோட்டூ ஃபெயில்'. எஸ்எஸ்எல் இணைப்பில் சர்வரின் கையெழுத்தைச் சரிபார்க்கும் ஃபங்ஷனில் 'கோட்டூ ஃபெயில்' என்ற வரி தவறுதலாக அடுத்தடுத்து இரண்டு முறை வந்துவிட்டது. முதல் வரி இஃப்-க்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எதற்கும் கட்டுப்படாதது. அந்த இடத்துக்கு வந்த கோட் ஒவ்வொரு முறையும் வெளியே தாவிவிடும். கீழே இருந்த கையெழுத்துச் சரிபார்ப்பு ஓடவே ஓடாது. பிழை எண் பூஜ்யமாக இருப்பதால் 'எல்லாம் சரி' என்று பதில் போகும். இந்தக் கோப்பை எந்த டெஸ்ட்டை வைத்து ஓட்டிக் கவரேஜ் எடுத்திருந்தாலும், கீழே இருந்த சரிபார்ப்பு வரிகள் சிவப்பாக நின்றிருக்கும்.

இரண்டாவது ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பிளீட். 'என் செய்தியின் நீளம் இவ்வளவு' என்று எதிர்முனை சொல்வதை நம்பி, அந்த அளவுக்கு மெமரியை நகலெடுத்துத் திருப்பி அனுப்பியது. ஒரு தடவைக்குக் கிட்டத்தட்ட 64 கிலோபைட் வரை அடுத்தவர் மெமரி வெளியே போனது. சொன்ன நீளமும் வந்த நீளமும் பொருந்துகிறதா என்று பார்க்கும் வரி அங்கே எழுதப்படவே இல்லை. எழுதாத வரியைக் கவரேஜ் சிவப்பாகக் காட்டாது. ஒழுங்கான ஹார்ட்பீட் செய்தி ஒன்றை அனுப்பிப் பார்க்கும் டெஸ்ட் இருந்திருந்தால், நகலெடுக்கும் வரி பச்சையாகத்தான் தெரிந்திருக்கும்.

ஆகவே சிவப்பு வரி உறுதியான தகவல்: எந்த டெஸ்ட்டும் இந்த வரியைத் தொடவில்லை. பச்சை வரி தரும் தகவல் பலவீனமானது: ஏதோ ஒரு டெஸ்ட் இந்த வழியாகப் போனது, அவ்வளவுதான். ரீட்மீ கோப்பில் பேட்ஜ் போட்டுக் காட்டும் சதவீதம் இந்த இரண்டையும் கலந்து ஒரே எண்ணாக்கிவிடுகிறது. பலர் இன்ஸ்டால் செய்யும் பேக்கேஜை வைத்திருப்பவருக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. எந்தெந்த வரிகள் சிவப்பு என்ற பட்டியல்தான் வேலைக்கு ஆகும். அந்தப் பட்டியலை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. பல ரெப்போக்களில் (கோட் வைத்திருக்கும் களஞ்சியங்களில்) அளவீடே தவறாக இருக்கிறது. பைத்தானையும் அதில் கவரேஜ் அளக்கும் கவரேஜ்.பை கருவியையும் வைத்தே இங்கே எழுதுகிறேன். மற்ற மொழிகளிலும் சிக்கல்கள் இதே வகைதான்.

எதை அளக்கிறோம்?

பயனர் பிப் வழியாக வாங்குவது நம் ரெப்போவை அல்ல, வீல் கோப்பை, அதாவது இன்ஸ்டால் செய்யத் தயாராகக் கட்டிய பொதியை. ரெப்போவின் மேல்மட்டத்திலேயே பேக்கேஜ் ஃபோல்டர் இருந்தால், அங்கிருந்து 'பைத்தான் -எம் பைடெஸ்ட்' (பைடெஸ்ட் என்பது டெஸ்ட்டுகளை ஓட்டும் கருவி) கொடுக்கும்போது பைத்தான் அந்த ஃபோல்டரைத்தான் இம்போர்ட் செய்யும். இன்ஸ்டால் ஆன பிரதியைத் தொடாது. வீலில் ஒரு துணை பேக்கேஜோ டேட்டா கோப்போ விட்டுப்போயிருந்தாலும் டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும், கவரேஜும் நன்றாக இருக்கும். ரிலீஸ் ஆன பிறகு முதல் இஷ்யூ 'மாட்யூல் கிடைக்கவில்லை' என்று வரும். கோடை 'எஸ்ஆர்சி' ஃபோல்டருக்குள் நகர்த்தி, தனிச் சூழலில் டெஸ்ட் ஓட்டித் தரும் டாக்ஸ் அல்லது நாக்ஸ் கருவி வழியாக வீலை இன்ஸ்டால் செய்து, அதன்மீது டெஸ்ட் ஓட்டுவது இதற்கான தீர்வு.

அப்படிச் செய்ததும் அறிக்கையில் கோப்புகளின் பாதை 'சைட்-பேக்கேஜஸ்' என்று ஆரம்பிக்கும். ரெப்போவில் உள்ள பாதையோடு ஒட்டாது. கவரேஜ் அமைப்பில் 'பாத்ஸ்' என்ற பகுதியில் இரண்டு பாதைகளையும் ஒரே பட்டியலில் எழுதிவிட்டால், 'கவரேஜ் கம்பைன்' அவற்றை ஒன்றாக்கிவிடும். பட்டியலில் முதலில் ரெப்போ பாதை வர வேண்டும், ஏனென்றால் மற்றவை முதலாவதாக மாற்றப்படும்.

அடுத்து 'சோர்ஸ்' அமைப்பு. இதைக் கொடுக்காவிட்டால், டெஸ்ட் ஓடும்போது இம்போர்ட் ஆன கோப்புகள் மட்டுமே அறிக்கையில் வரும். யாரும் தொடாத கோப்பு 0 சதவீதம் என்று வராது, பட்டியலிலேயே இருக்காது. மிக மோசமான கோப்புதான் இப்படிக் கண்ணில் படாமல் தப்பிக்கும். 'சோர்ஸ்' கொடுத்திருந்தாலும், இனிட் கோப்பு இல்லாத ஃபோல்டர்களுக்குள் போய்த் தேடாது. நேம்ஸ்பேஸ் பேக்கேஜ் வைத்திருப்பவர்கள் அதற்கான தனி விருப்பத்தை இயக்க வேண்டும். இந்த ஒரு திருத்தத்தாலேயே சதவீதம் சட்டென்று இறங்கக்கூடும். இறங்கட்டும், முன்பு இருந்தது பொய்யான எண்.

பிராஞ்ச் அளவீடு இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம்

பிராஞ்ச் என்பது இஃப் போன்ற இடத்தில் கோட் பிரிந்து போகும் ஒவ்வொரு வழி. வரி அளவீடு மட்டும் ஏமாற்றும் விதத்துக்கு ஒரு சின்ன உதாரணம். என்கோடிங் பெயர் கொடுத்திருந்தால் 12-ம் வரியில் உள்ள இஃப் உண்மையாகி, 13-ம் வரியில் 'டீகோடர்' என்ற மாறிக்கு மதிப்பு கிடைக்கிறது. 14-ம் வரியில் அந்த டீகோடரைக் கூப்பிடுகிறோம். எல்லா டெஸ்ட்டும் என்கோடிங் பெயரைக் கொடுத்தே கூப்பிட்டால் மூன்று வரிகளும் பச்சை, 100 சதவீதம். பெயர் கொடுக்காமல் கூப்பிடும் முதல் பயனருக்கு 13-ம் வரி தாண்டப்பட்டு, 14-ல் மதிப்பே இல்லாத மாறியைத் தொட்டு கோட் விழும். பிராஞ்ச் அளவீடு இருந்தால் அறிக்கையின் 'மிஸ்ஸிங்' பத்தியில் '12->14' என்று அம்புக்குறி வரும்: 12-லிருந்து நேராக 14-க்குப் போகும் வழியை யாரும் நடந்து பார்க்கவில்லை என்று பொருள்.

'பைபுராஜெக்ட்.டாம்ல்' கோப்பில் 'பிராஞ்ச் = ட்ரூ' என்ற ஒரே வரி போதும். மொத்த சதவீதக் கணக்கில் வரிகளோடு பிராஞ்ச்களும் சேர்ந்துகொள்வதால் எண் மாறும். 'கவரேஜ் ரிப்போர்ட் -எம்' கட்டளையோடு 'ஸ்கிப்-கவர்டு' சேர்த்தால் முழுப் பச்சைக் கோப்புகள் மறைந்து, படிக்க வேண்டியவை மட்டும் மிஞ்சும்.

இதற்கும் எல்லை உண்டு. ஒரே வரியில் 'அல்லது', 'மற்றும்' என்று மூன்று நிபந்தனைகளைக் கோத்திருந்தால், எந்த நிபந்தனை முடிவைத் தீர்மானித்தது என்று கவரேஜ்.பை பிரித்துக் காட்டாது. ரெகுலர் எக்ஸ்பிரஷன், டிக்‌ஷனரி, அட்டவணை எல்லாமே அதற்கு இம்போர்ட் ஆனதும் பச்சையாகிவிடும் வரிகள்தான். இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று கீழே ஒரு தமிழ் உதாரணத்தில் பார்க்கலாம்.

ஓடியும் கணக்கில் வராத வரிகள்

பேக்கேஜோடு ஒரு கட்டளைவரிக் கருவி இருந்தால், டெஸ்ட்டுகள் பெரும்பாலும் அதை சப்ப்ராசஸ் வழியாக, அதாவது தனி ப்ராசஸாகத் தொடங்கி ஓட்டும். அந்தப் பிள்ளை ப்ராசஸுக்குள் அளவீடு தானாகத் தொடங்காது. கருவியின் கோட் முழுக்கச் சிவப்பாகத் தெரியும். முன்பு பைடெஸ்ட்டோடு கவரேஜை இணைக்கும் பைடெஸ்ட்-கவ் பிளகின் இதைத் தானே பார்த்துக்கொண்டது. அதன் 7-ம் பதிப்பில் அந்த வசதி நீக்கப்பட்டது. கவரேஜ்.பை 7.10-லிருந்து 'பேட்ச்' என்ற அமைப்பில் 'சப்ப்ராசஸ்' என்று எழுதினால் அதே வேலை நடக்கும். கோடில் எதுவும் மாறாமல் கவரேஜ் மட்டும் திடீரென்று விழுந்தால், முதலில் இந்தப் பதிப்பு மாற்றத்தைப் பாருங்கள். மல்டிப்ராசஸிங், கிரீன்லெட் போன்றவற்றுக்கு 'கன்கரன்சி' அமைப்பில் பெயரைச் சேர்க்க வேண்டும். ப்ராசஸை டெர்ம் சிக்னல் கொடுத்து நிறுத்தும் டெஸ்ட் இருந்தால் 'சிக்டெர்ம் = ட்ரூ' வேண்டும்; இல்லையென்றால் எழுத நேரமில்லாமல் டேட்டா போய்விடும்.

இன்னொன்று இம்போர்ட் வரிசை. உங்கள் பேக்கேஜே ஒரு பைடெஸ்ட் பிளகின் என்றால், அளவீடு தொடங்கும் முன்பே பைடெஸ்ட் அதை இம்போர்ட் செய்துவிடும். ஃபங்ஷன்களின் உள்ளே இருக்கும் வரிகள் பச்சை, 'டெஃப்' வரிகளும் மேலே உள்ள இம்போர்ட் வரிகளும் சிவப்பு என்ற விசித்திரமான படம் தெரிந்தால் காரணம் இதுதான். அங்கே பைடெஸ்ட்-கவ்வை விட்டுவிட்டு 'கவரேஜ் ரன் -எம் பைடெஸ்ட்' என்று வெளியிலிருந்து ஓட்டினால் சரியாகும்.

பல பைத்தான் பதிப்புகளிலும் பல இயங்குதளங்களிலும் ஓடும் பேக்கேஜுக்கு சிஐ-யில் (கோட் மாறும்போதெல்லாம் டெஸ்ட்டைத் தானாக ஓட்டும் அமைப்பில்) ஒரே ஜாபின், அதாவது ஒரு தனி ஓட்டத்தின், எண் எதையும் சொல்லாது. விண்டோஸுக்கென்று இருக்கும் ஆறு வரிகள் லினக்ஸ் ஜாபில் என்றைக்கும் சிவப்புதான். ஒவ்வொரு ஜாபிலும் 'பேரலல் = ட்ரூ' வைத்து டேட்டா கோப்பை எடுத்து, கடைசி ஜாப் ஒன்றில் எல்லாவற்றையும் கம்பைன் செய்து, 'ஃபெயில்_அண்டர்' வரம்பை அங்கே மட்டும் வையுங்கள். ஜாப்தோறும் வரம்பு வைத்தால், எது எந்தத் தளத்தில் ஓடும் என்று தெரியாமல் வரம்பைக் குறைத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் இதைச் செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. ஜாப் உருவாக்கிய கோப்புகளைச் சேமிக்கும் ஆர்ட்டிஃபேக்ட் அப்லோட் ஆக்‌ஷனின் 4-ம் பதிப்பில் ஒரே பெயரில் இரண்டு ஜாபுகள் ஏற்ற முடியாது. இயங்குதளத்தையும் பைத்தான் பதிப்பையும் பெயரில் சேர்க்க வேண்டும். கூடவே 4.4 முதல், புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளை அது ஏற்றாது. கவரேஜ் டேட்டா கோப்பின் பெயரே புள்ளியில்தான் தொடங்குகிறது. மறைகோப்புகளையும் சேர்க்கச் சொல்லும் விருப்பத்தை இயக்காவிட்டால், கம்பைன் ஜாப் 'டேட்டா இல்லை' என்று நிற்கும்.

டெஸ்ட் கோப்புகளையும் அளக்க வேண்டும்

டெஸ்ட் ஃபோல்டரை அறிக்கையிலிருந்து விலக்குவது பரவலான பழக்கம். அதை விடச் சொல்வேன். ஒரே கோப்பில் ஒரே பெயரில் இரண்டு டெஸ்ட் ஃபங்ஷன்கள் இருந்தால், பின்னால் வருவது முன்னதை அழித்துவிடும். பழையதை நகலெடுத்துத் திருத்தி, பெயரை மாற்ற மறந்த டெஸ்ட் இப்படித்தான் வருடக்கணக்கில் ஓடாமல் கிடக்கும். பைடெஸ்ட் எச்சரிக்காது. டெஸ்ட் கோப்புகளை அளந்தால் முதல் ஃபங்ஷனின் உள்வரிகள் சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும். காலிப் பட்டியலைச் சுற்றும் லூப்புக்குள் அசெர்ட் எழுதியிருந்தாலும் அதே கதை.

டெஸ்ட் வரிகள் சேர்ந்தால் மொத்த எண் ஊதிப்போகும் என்பது நியாயமான கவலை. அறிக்கையை இரண்டாக எடுங்கள்: டெஸ்ட் ஃபோல்டருக்கு 100 என்ற வரம்பு, பேக்கேஜுக்கு அதற்கேற்ற வரம்பு. 'இன்க்ளூட்' விருப்பத்தோடு ரிப்போர்ட் கட்டளையை இருமுறை ஓட்டினால் போதும்.

எந்தச் சிவப்பிலிருந்து தொடங்குவது?

சிவப்பு வரிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் பழைய பேக்கேஜில் மேலிருந்து கீழாகப் போவது வீண். மதிப்பை எடுத்துக் கொடுப்பதை மட்டும் செய்யும் எளிதான கெட்டர்களுக்கு டெஸ்ட் எழுதிச் சதவீதத்தை ஏற்றத் தோன்றும். அந்த வரிகளில் பக் இருக்க வாய்ப்பு குறைவு. நான் முதலில் திறப்பது எக்செப்ட் பிளாக்குகளை. பிழை வந்தால் ஓட வேண்டிய கோட், பிழையே வராத டெஸ்ட்டுகளில் ஓடியிருக்காது. பிழைச் செய்தியை உருவாக்கும் வரியில் மாறியின் பெயர் தவறாக இருந்து, உண்மையான பிழையை மறைத்துக்கொண்டு இன்னொரு பிழை கிளம்புவது சாதாரணம். டெஸ்ட்டின்போது மட்டும் ஒரு ஃபங்ஷனை மாற்றிவைக்கும் மான்கிபேட்ச் வைத்து ஓப்பன் ஃபங்ஷனை 'அனுமதி இல்லை' என்று பிழை எறியச் செய்தால், பத்து வரியில் டெஸ்ட் முடிந்துவிடும்.

அடுத்து, இருந்தால் பயன்படுத்து, இல்லையென்றால் வேறு வழி பார் என்று எழுதிய விருப்ப இம்போர்ட்டுகள். சிஐ-யில் எல்லா எக்ஸ்ட்ராக்களும் (விருப்பமிருந்தால் சேர்க்கும் சார்புப் பேக்கேஜ்கள்) இன்ஸ்டால் ஆகியிருப்பதால் 'இல்லையென்றால்' பாதி ஓடவே ஓடாது. வெறுமனே பிப் இன்ஸ்டால் செய்யும் பெரும்பாலான பயனர்களோ அந்தப் பாதியில்தான் இருக்கிறார்கள். எக்ஸ்ட்ரா எதுவும் இல்லாத ஜாப் ஒன்றைத் தனியாக வையுங்கள். ஒரே ஜாபுக்குள் பார்க்க வேண்டுமென்றால், 'சிஸ்.மாட்யூல்ஸ்' டிக்‌ஷனரியில் அந்த மாட்யூலின் பெயருக்கு எதிரே 'நன்' போட்டால் இம்போர்ட் பிழை எழும். உங்கள் மாட்யூலை மறுபடி லோட் செய்தால்தான் அந்த வழி ஓடும். டெஸ்ட் முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்ப மறக்கக் கூடாது.

சில சிவப்பு வரிகளுக்குச் சரியான மருந்து அழிப்பதுதான். ஆதரவை நிறுத்திவிட்ட பைத்தான் பதிப்புக்கான பிராஞ்ச், யாரும் கூப்பிடாத உள் ஃபங்ஷன் இவற்றுக்கு டெஸ்ட் எழுதுவது பிணத்துக்கு மருந்து கொடுப்பது போல. வெளியே தெரியும் ஃபங்ஷன் என்றால் மட்டும் முதலில் 'இது பின்னர் நீக்கப்படும்' என்ற டெப்ரிகேஷன் எச்சரிக்கை கொடுத்துவிட்டு, பிறகு எடுங்கள்.

பச்சை வரிகளுக்குள்ளும் பார்க்க வேண்டியது உண்டு. 'டைனமிக்_கான்டெக்ஸ்ட்' அமைப்பில் 'டெஸ்ட்_ஃபங்ஷன்' என்று போட்டு, எச்டிஎம்எல் அறிக்கையில் கான்டெக்ஸ்ட்டுகளைக் காட்டச் சொன்னால், ஒவ்வொரு வரியையும் எந்தெந்த டெஸ்ட் தொட்டது என்று தெரியும். பேக்கேஜின் முக்கியமான பார்சரை ஒரே ஒரு பெரிய ஒருங்கிணைப்பு டெஸ்ட் மட்டும் தொட்டிருந்தால், அந்தப் பச்சையை நம்ப வேண்டாம்.

ஒரே டெஸ்ட்டில் 100 சதவீதம்

தமிழ் உரையை எழுத்துகளாகப் பிரிக்கும் ஃபங்ஷன், ஓப்பன்-தமிழ் போன்ற தமிழ் மொழிக்கருவிப் பேக்கேஜ்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதை மிக எளிமையாக எழுதினால் இப்படி வரும்:

விடை = காலிப் பட்டியல்
உரையில் உள்ள ஒவ்வொரு குறிக்கும்:
— குறி, துணைக்குறிகளின் அட்டவணையில் இருந்தால்: விடையின் கடைசி உறுப்போடு ஒட்டு
— இல்லையென்றால்: விடையில் புது உறுப்பாகச் சேர்
விடையைத் திருப்பு

'தமிழ்' என்ற சொல் யூனிகோடில் 5 குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. விடை த, மி, ழ் என்ற 3 எழுத்துகள். இந்த ஒரே டெஸ்ட் இஃப்-இன் இரண்டு பக்கமும் போய்வருகிறது. வரிகள் 100, பிராஞ்ச்கள் 100.

இப்போது உரை ஒரு துணைக்குறியோடு தொடங்கட்டும். விடைப் பட்டியல் காலி, கடைசி உறுப்பு என்று ஒன்றில்லை, இண்டெக்ஸ் பிழை. அப்படிப்பட்ட உரை எங்கே வரும் என்று கேட்கலாம். பெரிய கோப்பைத் துண்டு துண்டாகப் படிக்கும்போது, வெட்டு 'மி'-க்கு நடுவே விழுந்தால் அடுத்த துண்டு இகரக் குறியோடுதான் தொடங்கும்.

'கொ' என்ற எழுத்தை க-வும் ஒகரக் குறியும் என்று 2 குறிகளாகவும் எழுதலாம். க, எகரக் குறி, கால் என்று 3 குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம், பைத்தானின் சமக்குறிக்கு இரண்டும் வேறு. 'ஔ' இதைவிடச் சிக்கல். அதைப் பிரித்த வடிவம் ஒ-வும், ஔகார நீளக்குறி என்ற தனிக் குறியும். துணைக்குறி அட்டவணையை உயிர்மெய் வரிசையைப் பார்த்துக் கையால் எழுதியவர் இந்தக் குறியை விட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. விட்டிருந்தால் ஒரே எழுத்து இரண்டாக எண்ணப்படும். அட்டவணை ஒரே வரி, அது பச்சை. கவரேஜ் வாயே திறக்காது.

உள்ளீடுகளைத் தானே உருவாக்கிச் சோதிக்கும் ஹைபாதஸிஸ் பேக்கேஜ் இந்த இடத்துக்குப் பொருத்தமானது. இன்ன உள்ளீட்டுக்கு இன்ன விடை என்று எழுதாமல், எந்த உரைக்கும் நிற்க வேண்டிய விதியை எழுதுகிறோம். முதல் விதி: பிரித்த எழுத்துகளை ஒட்டினால் பழைய உரை அப்படியே வர வேண்டும். யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் உள்ள 128 இடங்களிலிருந்து குறிகளை எடுத்து உரை உருவாக்கச் சொன்னால், உரையின் தொடக்கத்தில் துணைக்குறி வரும் பக் விரைவிலேயே பிடிபடும். ஹைபாதஸிஸ் அதைச் சுருக்கி, ஒற்றைத் துணைக்குறி மட்டும் உள்ள உரையாக்கிக் கொடுக்கும். இரண்டாம் விதி: உரையின் சேர்த்த வடிவத்துக்கும் பிரித்த வடிவத்துக்கும் எழுத்து எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். ஔ இங்கே மாட்டும். 'க்ஷ' ஒரு எழுத்தா இரண்டா என்பதை மட்டும் எந்தக் கருவியும் சொல்லாது; மெயின்டெய்னர் முடிவெடுத்து, ஆவணத்தில் எழுதி, அதற்கென்று நேரடியான டெஸ்ட் வைக்க வேண்டும்.

ஹைபாதஸிஸ் கண்டுபிடித்த உள்ளீடுகளை 'எக்ஸாம்பிள்' டெகரேட்டரில் நிரந்தரமாக எழுதிவையுங்கள். தற்செயல் உள்ளீட்டை மட்டும் நம்பினால் ஒரே கமிட்டுக்கு இன்று ஒரு கவரேஜ், நாளை ஒரு கவரேஜ் வரும். புல் ரிக்வெஸ்ட் அனுப்பியவர் காரணம் புரியாமல் திண்டாடுவார்.

விலக்கும் வரிகள்

எட்டவே முடியாத வரிகளுக்கு 'பிராக்மா: நோ கவர்' கமென்ட் இருக்கிறது. அமைப்புக் கோப்பில் பொதுவாக விலக்க நினைப்பவர்கள் 'எக்ஸ்க்ளூட்_லைன்ஸ்' எழுதுவார்கள்; அது இயல்பாக இருக்கும் பட்டியலை அழித்துவிடுவதால் பிராக்மா கமென்ட்டுகள் வேலை செய்யாமல் போகும். 'எக்ஸ்க்ளூட்_ஆல்சோ' இருப்பதோடு சேர்க்கும்; அதையே பயன்படுத்துங்கள். விலக்கிய வரி ஒரு பிளாக்கின் தலைவரி என்றால் பிளாக் முழுவதும் விலகும். 'எக்செப்ட் இம்போர்ட்எரர்' என்று ஒரு பேட்டர்ன் போட்டால், மேலே சொன்ன விருப்ப இம்போர்ட் வழிகள் அத்தனையும் அறிக்கையிலிருந்து மறைந்துவிடும்.

எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் திட்டம் இதைக் கையாளும் விதம் பார்க்கத் தகுந்தது. அவர்கள் பிராஞ்ச் அளவீட்டில் 100 சதவீதம் வைத்திருக்கிறார்கள். 2023-ல் வந்த 3.42.0 பதிப்புக் கணக்கில் டெஸ்ட் கோடின் அளவு மூலக் கோடைப்போல 590 மடங்கு. நடக்கவே நடக்காது என்று நம்பும் நிபந்தனைகளையும் பாதுகாப்புக்காக விட்டுவைக்கிறார்கள், 'ஆல்வேஸ்', 'நெவர்' என்ற இரண்டு மேக்ரோக்களுக்குள். வெளியீட்டில் அவை சாதாரண நிபந்தனை. டீபக் பில்டில், நம்பிக்கை பொய்த்தால் அசெர்ட் வெடிக்கும். கவரேஜ் பில்டில் மட்டும் மாறிலியாகிவிடுவதால் பிராஞ்சாகவே கணக்கில் வராது. விலக்கு ஒவ்வொன்றும் 'இது நடக்காது' என்ற எழுத்துபூர்வமான வாக்குறுதியாகவும், அது பொய்த்தால் தெரியவரும்படியும் இருக்கிறது. பைத்தானில் பிராக்மா போடும் இடத்தில் 'அசெர்ஷன்எரர்' எறியும் வரியை எழுதினால் அந்தப் பண்பில் பாதி கிடைக்கும்.

புல் ரிக்வெஸ்ட்டில் எதைக் கேட்பது

மொத்தச் சதவீதம் குறையக் கூடாது என்ற விதி நல்ல வேலையைத் தண்டிக்கும். 1000 வரிகளில் 900-க்கு டெஸ்ட் உண்டு, 90 சதவீதம். ஒருவர் கோடைச் சுத்தம் செய்து, டெஸ்ட் உள்ள 100 வரிகளைத் தேவையில்லாமல் ஆக்கி நீக்குகிறார். இப்போது 900-க்கு 800, அதாவது 88.9. எந்த வரியும் மோசமாகவில்லை, சிஐ சிவப்பு. மாற்றப்பட்ட வரிகளுக்கு மட்டும் வரம்பு வைப்பதே நியாயம். டிஃப்-கவர் கருவி கவரேஜின் எக்ஸ்எம்எல் அறிக்கையையும் கிட் வேறுபாட்டையும் ஒப்பிட்டு இதைச் சொல்லும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்கவுட் இயல்பாக ஒரே கமிட்டைத்தான் இறக்கும். 'ஃபெட்ச்-டெப்த்' மதிப்பை 0 ஆக்கி முழு வரலாற்றையும் இறக்காவிட்டால் ஒப்பிடக் கிளை கிடைக்காது.

அறிக்கையை வெளிச் சேவைக்கு ஏற்றுபவர்கள், கவரேஜ் அறிக்கைச் சேவையான கோட்கவ்வின் பேஷ் அப்லோடரில் 2021-ல் நடந்ததை மனதில் வைக்க வேண்டும். ஜனவரி 31-லிருந்து அந்த ஸ்கிரிப்ட்டில் அந்நியர் சேர்த்த வரி, சிஐ-யின் சூழல் மாறிகளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 15-ல்தான் அறிவிப்பு வந்தது. ஏற்றும் வேலையைத் தனி ஜாபாகப் பிரித்து, பைபிஐ-யில் (பைத்தான் பேக்கேஜ் களஞ்சியத்தில்) வெளியிடும் டோக்கன் போன்ற ரகசியங்கள் அந்த ஜாபுக்குக் கிடைக்காமல் செய்யுங்கள். ஆக்‌ஷனைப் பதிப்பு டேகில் நம்பாமல் கமிட் ஹேஷில் கட்டிவையுங்கள்.

சி நீட்சிகள், மியூட்டேஷன்

சி-யில் எழுதிய பகுதியைக் கவரேஜ்.பை பார்க்காது. ஜிசிசி கம்பைலரில் 'கவரேஜ்' ஃபிளாக்கும் ஓ-பூஜ்யம் ஆப்டிமைசேஷனும் கொடுத்து பில்ட் செய்து, அதன் கவரேஜ் கருவியான ஜிகாவ் வழியாக எடுக்க வேண்டும். கம்பைலரும் ஜிகாவும் ஒரே பதிப்பாக இல்லையென்றால் டேட்டா படிக்காது. ப்ராசஸ் கிராஷ் ஆனால் எண்ணிக்கை கோப்பில் எழுதப்படாது. கிராஷ் ஆகும் வழியைத்தான் பார்க்க நினைத்தோம் என்றால் இது தொல்லை. பல திரெட்கள் ஓடினால் எண்ணிக்கையை அட்டாமிக்காக ஏற்றச் சொல்லும் ஃபிளாக் தேவை.

பச்சை வரியை உண்மையாகச் சோதிக்கும் வழி மியூட்டேஷன் டெஸ்டிங். மியூட்மட் போன்ற கருவி கோடில் '<' குறியை '<=' ஆக்கும், 'ட்ரூ'வை 'ஃபால்ஸ்' ஆக்கும், பிறகு டெஸ்ட்டுகளை ஓட்டும். எதுவும் ஃபெயில் ஆகவில்லை என்றால் அந்த வரியை ஓட்டினோமே தவிர சரிபார்க்கவில்லை. விலை அதிகம்: 2 விநாடி ஓடும் டெஸ்ட் தொகுப்பு, 3000 மாற்றங்கள் என்றால் 6000 விநாடி, 100 நிமிடம். பார்சர், தேதிக் கணக்கு, அனுமதிச் சரிபார்ப்பு என்று தவறினால் அடி விழும் இரண்டு மூன்று மாட்யூல்களுக்கு மட்டும் வாரம் ஒருமுறை ஓட்டினால் தாங்கும்.

டெஸ்ட்டுகள் பேக்கேஜோடு போக வேண்டும்

உங்கள் பேக்கேஜை டெபியன் லினக்ஸில் சேர்ப்பவர்கள் உங்கள் சிஐ-யைப் பார்ப்பதில்லை. அவர்கள் பில்டில் டெஸ்ட்டை மறுபடி ஓட்டுவார்கள். டெபியனின் ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் வசதி, இன்ஸ்டால் ஆன பேக்கேஜின் மீதும், அது மாறும்போது அதைச் சார்ந்திருக்கும் மற்ற பேக்கேஜ்களின் மீதும் டெஸ்ட் ஓட்டுகிறது. அதற்கு எஸ்டிஸ்ட் கோப்பில் (மூலக் கோடின் வெளியீட்டுப் பொதியில்) டெஸ்ட் ஃபோல்டரும், டெஸ்ட்டுக்கு வேண்டிய மாதிரிக் கோப்புகளும் இருக்க வேண்டும். ரிலீஸுக்கு முன் எஸ்டிஸ்ட்டைக் காலி ஃபோல்டரில் விரித்து, அங்கிருந்து டெஸ்ட் ஓட்டிப் பார்த்தால் விட்டுப்போனது தெரிந்துவிடும். அவர்களுடைய பில்டில் இணையம் கிடையாது. இணையம் கேட்கும் டெஸ்ட்டுகளுக்கு ஒரு பைடெஸ்ட் மார்க்கர் வைத்துப் பிரித்துவிட்டு, அவற்றைத் தவிர்த்த நிலையில் ஒருமுறை கவரேஜ் எடுங்கள். அப்போது சிவப்பாக மாறும் வரிகளுக்கெல்லாம் இப்போதைக்கு வெளி சர்வர் ஒன்றுதான் சாட்சி. அங்கே பதிவு செய்த பதில்களை வைத்து உள்ளூர் டெஸ்ட் எழுதுவது அடுத்த வேலை.